400 வெள்ளி ஸ்பீக்கரும் ஒரு ஹெட்ஃபோன் கேபிளும்

ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, புது ஸ்பீக்கர் செத்துப்போச்சுண்ணே. மைக் போட்டா நல்லா வருது, கீபோர்டு மட்டும் வரமாட்டேங்குது." சமூக மன்றத்தில் நிச்சயதார்த்தம், ஏழரைக்கு முதல் பாட்டு. நான் இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளித்தான் இருந்தேன். போனேன்.

பியானோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்டது. இடது கையில் பேஸ், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களை அழுத்தினால் அனேகமாக ஒன்றுமே இல்லை. ரிவர்ப் எனும் எதிரொலி மட்டும் அழகாக மிதந்தது. கீபோர்டின் பின்னால் பார்த்தேன். ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரே ஒரு ஸ்டீரியோ கேபிள், நேராக ஸ்பீக்கரின் இன்புட்டுக்கு.

இந்தத் தவற்றை வருடத்துக்கு நாலைந்து தடவையாவது பார்க்கிறேன். அந்தக் கேபிளில் ஒரு கம்பி இடது பக்கச் சத்தத்தையும் இன்னொன்று வலது பக்கத்தையும் கொண்டுவருகிறது. ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு இன்புட்டோ இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கும், கழித்தால் போய்விடும். அதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் பேஸும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வருகிறதே! இரைச்சலோடு சேர்ந்து அதுவும் காணாமல் போகிறது. இடதும் வலதும் வேறுபடும் ரிவர்ப்தான் மிஞ்சும்.

என் பையில் இருந்த சாதாரண கித்தார் கேபிளை எடுத்து, 'எல்/மோனோ' என்று போட்டிருக்கும் துளையில் செருகினேன். இடதையும் வலதையும் கூட்டி ஒரே சத்தமாக, அதாவது மோனோவாகத் தரும் துளை அது. 400 வெள்ளி ஸ்பீக்கர் உயிர்பெற்று உட்கார்ந்தது. தம்பி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் கோபம்.

ஆனாலும் நடு ஆக்டேவ் கொஞ்சம் குழிவிழுந்த மாதிரிதான் இருந்தது. பியானோவை இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்திருப்பார்கள்; ஒரே ஸ்வரம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. அவற்றை மோனோவாகக் கலக்கும்போது சில ஸ்வரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பல கீபோர்டுகளில் 'மோனோ பியானோ' என்றே ஒரு டோன் இருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் அது சப்பென்று இருக்கும், யாரும் தொடமாட்டார்கள். ஒற்றை ஸ்பீக்கருக்கு அதுதான் சரி.

அப்புறம் வாட் விவகாரம். சிங்கப்பூரில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் உள்ள பெரிய எண்ணைத்தான். அது பெரும்பாலும் ஒரு கணம் எட்டும் உச்சம். யமஹா டிபிஆர்10-ஐ எடுத்துக்கொண்டால் 700 வாட் என்பது உச்சக் கணக்கு, தொடர்ச்சியாகத் தருவது 325. இதில் ஒளிவுமறைவு இல்லை, விவரத்தாளிலேயே போட்டிருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கு' என்ற அளவு.

கடையில் கைபேசியிலிருந்து பாட்டுப் போட்டுப் பார்த்து வாங்குவதும் ஏமாற்றும். வெளியான பாட்டில் ஏற்ற இறக்கத்தை ஏற்கெனவே அமுக்கி வைத்திருப்பார்கள். நேரடியாக வாசிக்கும் பியானோவில் விரல் விழும் அந்த நொடியின் உச்சம் சராசரிச் சத்தத்தைவிட மிக அதிகம். அங்கேதான் மலிவு ஸ்பீக்கரில் 'தாங்க முடியவில்லை' என்று சிவப்பு விளக்கு எரியும். நம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கித்தார் ஆள் வராவிட்டால் அந்தப் பாரமும் கீபோர்டுக்காரரின் இடது கையில்தான். 8 அங்குல ஸ்பீக்கரிடம் அதைக் கேட்பது பாவம். 10 அங்குலமாவது வாங்குங்கள். கீபோர்டையும் கையோடு எடுத்துப்போய் வாசித்துப் பாருங்கள்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் வாசிப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. தாழ்ந்த கூரை, கான்கிரீட் தூண், டைல்ஸ் தரை. ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் பேஸ் உப்பிக்கொண்டு தபேலாவை விழுங்கிவிடும். சுவரைவிட்டுத் தள்ளி, ஸ்டாண்டில் ஏற்றி, முன்வரிசைத் தலைகளுக்குச் சற்று மேலே இருக்கும்படி வையுங்கள். பின்பக்கம் 'டிஜே', 'மியூசிக்' என்றெல்லாம் பொத்தான் இருந்தால் 'ஃப்ளாட்'டில் விட்டுவிடுங்கள். இரண்டாவது மாடியில் யாரோ குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் நினைவிருக்கட்டும்.

இம்ம்ம் என்று இரைந்தால் மூன்று முள் பிளக்கின் எர்த்தைத் துண்டிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ஷாக் அடிக்கும். கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று போதும்; சத்தம் போகும் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தான் அதில் இருக்கட்டும்.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நயாஷ் (NIOSH) அமைப்பின் பரிந்துரை 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூன்று மணி நேரக் கச்சேரியில் பக்கத்திலேயே ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு 'எனக்குக் கேட்கல, ஏத்துங்க' என்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு இடது காதில் ராத்திரியானால் ஒரு ரீங்காரம் உண்டு. அந்தக் காலத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தம்பி இப்போது இரண்டாவது ஸ்பீக்கர் வாங்கலாமா என்று கேட்கிறார். வாங்கட்டும், ஆனால் ஸ்டீரியோவுக்காக வேண்டாம். மண்டபத்தில் நட்டநடுவில் உட்காரும் நாலு பேருக்குத்தான் அது தெரியும். இரண்டிலும் ஒரே மோனோவை விட்டு, ஒன்றைக் கூட்டத்தின் பக்கமும் மற்றொன்றைத் தன் பக்கமும் திருப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த ஹெட்ஃபோன் கேபிள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது, திருப்பிக் கேட்கவில்லை.