சொல் விளக்கம்: தற்காலிகத் தீயணைப்பு நிலையம்

ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும். ராமேசுவரத்தில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருக்கிற தம்பி போன் செய்தார். "அண்ணே, தற்காலிக தீயணைப்பு நிலையம்னு ஒரு போர்டு. நடுவுல த் வருமா, வராதா?" வரும் என்றேன். தற்காலிகத் தீயணைப்பு நிலையம். "அதைப் போட்டா ஒரு வரியில நிக்க மாட்டேங்குது. இதுக்குச் சின்னதா வேற சொல்லு இருக்கா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்த யோசனைதான் இது.

முதலில் ஒன்று. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ யாரும் இதை இப்படிச் சொல்வதில்லை. "ஃபயர் சர்வீசுக்கு அடிச்சாச்சா?", "ஃபயர் வண்டி எங்க நிக்குது?" அவ்வளவுதான். துறையின் முழுப்பெயர் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. இந்த 'மற்றும்' ஆங்கிலத்திலிருந்து இறங்கிய சுமை. தீயணைப்பு மீட்புப் பணிகள் என்றாலே உம்மை உள்ளே தொக்கி நிற்கும். 'மீட்பு' சேர்ந்தது மட்டும் நல்லது. கிணற்றில் விழுந்த மாட்டுக்கும், வீட்டுக்குள் புகுந்த பாம்புக்கும் வருவது இதே வண்டிதானே.

இனி அணைப்பு. தமிழில் இவ்வளவு வேலை பார்க்கும் வினைகள் குறைவு. குழந்தையை அணைக்கிறோம், ஆற்றுக்குக் குறுக்கே இருப்பது அணை, தலைக்கு வைப்பது தலையணை, அடுப்பையும் அணைக்கிறோம். கடற்கரையில் இன்னொன்றும் உண்டு: படகைக் கரைக்கு அணைப்பது. ரோட்டில் டிரைவரிடம்கூட "ஓரமா அணைச்சு நிப்பாட்டுப்பா" என்கிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நெருங்குதல், ஒட்டுதல், சூழ்ந்து அடக்குதல் என்ற ஒரே கருத்துதான். நெருப்பைச் சுற்றி வளைத்து மூச்சுவிடாமல் பிடித்தால் அது அணைகிறது. சாக்கு நனைத்து மூடுவது, மண்ணை அள்ளிப் போடுவது, எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தட்டால் மூடுவது எல்லாம் சொல்லுக்குச் சொல் அணைப்புதான்.

ஆனால் வீட்டில் சாமி விளக்கை யாராவது அணைக்கச் சொல்வார்களா? அந்தச் சொல் ஆகாது. "குளிர வை" என்பார்கள், அல்லது விளக்கு மலையேறியது என்பார்கள். மின்விளக்கு என்றால் தெற்கே "லைட்டை அமத்து". கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் விளக்கை நூர்ப்பார்கள். "லைட்டை நூருங்கோ" என்பது அங்கே இன்றும் வீட்டுப் பேச்சு. நெருப்பைப் போக்குவதற்கு 'அவித்தல்' என்றும் பழைய சொல் ஒன்று உண்டு. இப்போது அது இட்லியோடும் கிழங்கோடும் நின்றுவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது குளிர வைத்தல். மங்கலத்துக்காகச் சொன்னதுதான், ஆனால் தீயணைப்புப் பயிற்சியில் முதலில் கற்றுத்தருவதும் அதுவே. தீ எரிய எரிபொருள், காற்று, வெப்பம் மூன்றும் வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால் போதும். தண்ணீர் அடிப்பது வெப்பத்தை எடுப்பது, அதாவது குளிர வைப்பது. மண்ணும் நுரையும் காற்றைத் தடுப்பது, அதாவது அணைப்பது. மூன்றாவது, எரிபொருளை விலக்குவது. இதற்கு மட்டும் தனிச்சொல் இல்லை, செயல் இருக்கிறது. கடலோரக் குடிசை வரிசையில் ஒரு கூரை பிடித்துக்கொண்டால், எரிகிற கூரையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கூரையில் ஏறுகிற ஆளைப் பார்த்திருக்கிறேன். கையில் அரிவாள். கட்டுக் கயிற்றை வெட்டி, கீற்றை அள்ளி அள்ளி மணலில் வீசுவார். கீழே பெண்கள் அதை இழுத்துத் தள்ளிப் போடுவார்கள். யாரும் 'தீயணைப்பு' என்று சொல்லவில்லை. "பிரிச்சுப் போடு, பிரிச்சுப் போடு" என்றுதான் சத்தம்.

இங்கேதான் சொல்லில் ஒரு பிசகு தெரிகிறது. ஆங்கிலத் திட்ட அறிக்கைகளில் 'ஃபயர் புரொடக்‌ஷன்' என்று இருப்பதை நாம் கண்ணை மூடிக்கொண்டு தீயணைப்பு என்று பெயர்த்துவிடுகிறோம். அது அணைப்பு அல்ல, காப்பு. அணைப்பு என்பது பிடித்த பிறகு. காப்பு என்பது பிடிப்பதற்கு முன். வள்ளுவரும் நெருப்பைச் சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் எடுத்தார்: "வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்." வை என்றால் வைக்கோல், தூறு என்றால் குவியல், வைத்தூறு, வைக்கோல்போர். காவாதான் என்கிறாரே தவிர அணையாதான் என்று சொல்லவில்லை. ஊர்த் திருவிழாவில் பூக்குழி இறங்குகிறவரும் முதலில் காப்புக் கட்டிக்கொள்கிறார், நெருப்பு அதற்கு அப்புறம்தான். ஆகவே புரொடக்‌ஷனுக்குத் தீக்காப்பு, சர்வீசுக்குத் தீயணைப்புப் பணி என்று பிரித்து எழுதுவதுதான் என் கட்சி.

சர்வீசுக்குத் 'தொண்டு' என்றும் ஒரு காலத்தில் எழுதினார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை வருவது தீத்தொண்டு வாரம். தீக்குத் தொண்டு செய்வது போல ஒலிக்கிறது என்று சிரிக்கலாம்; ஆனால் அந்தத் தேதிக்குப் பின்னால் இருப்பது சிரிக்கும் விஷயம் அல்ல. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்தது. ஒரே கப்பலில் பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் இறந்தார்கள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒன்றாக அடுக்காமல் இருந்திருந்தால் அது காப்பு. அங்கே மிஞ்சியது அணைப்பு மட்டும்.

நம் கரைக்கு வருவோம். இங்கே காப்புக்குத் திட்டம் போடுகிறவர் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஒரு பொறி நாலு வீடு தாண்டி விழும். வாடைக்காற்றில் அதே பொறி எதிர்த்திசையில் போகும். வண்டியை நிறுத்தக் கச்சானுக்குச் சரியான இடம் வாடைக்குச் சரியாக இருக்காது. அப்புறம் என்ன எரியும் என்று பார்க்க வேண்டும்: தென்னங்கீற்று, பனையோலை, நைலான் வலைக் குவியல், ஃபைபர் படகு, விசைப்படகுக்கு வாங்கி வைத்த டீசல். டீசல் தீயில் தண்ணீரைப் பீச்சினால் டீசல் தண்ணீர்மேல் மிதந்து தீயைக் கூட்டிக்கொண்டு ஓடும். அதற்கு நுரை வேண்டும். உள்ளே முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் போனால் சீமைக்கருவேலமும் கரிமூட்டமும். அது வேறு கணக்கு.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கறாரானது. வழக்கமான தீயணைப்பு வண்டி ஒன்றில் 4,500 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 450 லிட்டர் விடும் ஒரு குழாயைத் திறந்தால் பத்தே நிமிடம். அதற்குப் பிறகு? "பக்கத்துலதான் கடல் கிடக்கே" என்று எல்லாரும் சொல்வார்கள். கடல்நீர் தீயை நன்றாகவே அணைக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பம்பு உறிஞ்சும் உயரம் நடைமுறையில் 7 மீட்டருக்குள்தான். பாக் நீரிணைப் பக்கமோ கடல் ஆழமில்லாமல் பரந்து கிடக்கும். நீரருகே வண்டியைக் கொண்டுபோனால் சக்கரம் மணலில் புதையும். மீறி உறிஞ்சிவிட்டால் பம்பையும் குழாயையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். அந்த நல்ல தண்ணீருக்குத்தான் ராமநாதபுரம் மாவட்டமே ஊருணியையும் குடத்தையும் நம்பி இருக்கிறது. ஊர் குடிக்கும் ஊருணியில் குழாயைப் போடலாமா என்று தீப்பிடித்த அன்று பேசக்கூடாது. அது முன்பே பேசி முடித்திருக்க வேண்டிய பேச்சு.

நேரத்துக்கு ஒரு அளவுகோல் உண்டு. நகரத்தில் 5 முதல் 7 நிமிடம், கிராமத்தில் 20 நிமிடம், அதற்குள் வண்டி வந்து சேர வேண்டும் என்பது இந்தியாவில் பொதுவாகச் சொல்லும் நெறி. ராமநாதபுரம் நகரத்திலிருந்து ராமேசுவரம் சுமார் 55 கிலோமீட்டர். நடுவில் பாம்பன் பாலம். கடலையும் ரயில் பாலத்தையும் வேடிக்கை பார்க்கிறவர்கள் சாலைப் பாலத்தின் மேலேயே காரை நிறுத்திக்கொண்டு நிற்பார்கள். அமாவாசை அன்று கேட்கவே வேண்டாம். தீவுக்கு உதவி தீவுக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அக்னி தீர்த்தத்தில் கூட்டம் கூடும் நாளில் ஒரு வண்டியும் ஆட்களும் கூடுதலாக எங்காவது நின்றால்தான் சரிப்படும். அந்த 'எங்காவது'தான் போர்டில் எழுத வேண்டிய இடம். (அக்னி என்ற பெயர் கடலுக்கு! இதைவிடப் பொருத்தமான இடம் தீயணைப்பு வண்டிக்குக் கிடைக்காது.)

இப்போது நிலையம். நில், நிலை, நிலையம் என்று வளர்ந்தது என்பது ஒரு கருத்து. தங்குமிடம் என்று பொருள்படும் வடசொல் 'நிலய' வழியாக வந்தது என்பது இன்னொன்று. எப்படியானாலும் இன்று நம் காதில் விழுவது நிற்றல்தான். வேடிக்கை என்னவென்றால் ஸ்டேஷனும் அப்படியே. லத்தீனில் நிற்றல் என்ற வேரிலிருந்து வந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் பழைய பெயர் 'தாணா'. அது வடமொழி ஸ்தானம், நிற்கும் இடம். சரி, முகாம் என்று போடலாமே என்றால், அது அரபி. அங்கேயும் வேரின் பொருள் நிற்றல், எழுந்து நிற்றல்! நான்கு மொழிகளும் பேசிவைத்துக்கொண்டு நிற்கின்றன.

அப்படியானால் 'தற்காலிக நிலையம்' என்பது கொஞ்சம் முரண். தற்காலிகம் வடமொழி தத்காலத்தின் வழி வந்தது. அந்த நேரத்துக்கு உரியது. நமக்கு உண்மையில் இரண்டு தனிப் பொருள்கள் வேண்டும். நிரந்தரக் கட்டடம் எழும்பும்வரை வாடகைக் கட்டடத்திலோ தகரக் கொட்டகையிலோ நடத்துவது ஒன்று. அதற்கு 'இடைக்காலத் தீயணைப்பு நிலையம்' பொருந்தும். இடையில் ஒரு காலம், பிறகு ஒரு முடிவு. திருவிழாவுக்கு மூன்று நாள் வண்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு எடுத்துப்போவது மற்றொன்று. அது நிலையமே இல்லை. இரண்டையும் தற்காலிகம் என்று ஒரே பெயரில் எழுதுவதால், முதல் வகைக்கு வேண்டிய குழாய் காயவைக்கும் இடமும் ஆட்கள் படுக்க இடமும் இரண்டாம் வகையின் கணக்கில் மறைந்துபோகின்றன. "டெம்ப்ரவரிதானே" என்று ஒரு வார்த்தை, கதை முடிந்தது.

அந்த இரண்டாம் வகைக்கு இந்தக் கரையிலேயே ஒரு சொல் இருக்கிறது. வாடி. பருவத்துக்கு மீன் பிடிக்க வேறு கரைக்குப் போகிறவர்கள் அங்கே கொட்டகை போட்டு, வலையும் சாமானும் வைத்து, தொழில் முடிந்ததும் பிரித்துக்கொண்டு வருவார்களே, அதுதான் வாடி. மன்னார்ப் பக்கமும் இதே பேச்சுதான். மரவாடி என்று நகரத்திலும் கேட்டிருப்போம். தங்கி வேலை பார்க்கும் இடம், ஆனால் வேர் விடாத இடம். 'தீயணைப்பு வாடி' என்றால் ஏழே எழுத்து. தம்பியின் போர்டில் தாராளமாக நிற்கும்.

ஒரே பயம், தற்காலிகம் என்று வைத்த பெயரெல்லாம் இந்தக் கரையில் நிரந்தரமாகிவிடும். ராமேசுவரம் ரயிலில் வந்தால் உச்சிப்புளிக்கு அப்புறம் மண்டபம் முகாம் என்று ஒரு ஸ்டேஷன். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நிறுத்திச் சோதித்து அனுப்பிய முகாம் அது. பின்னாளில் இலங்கை அகதிகளுக்கு ஆனது. நூறு வருஷம் ஆகியும் முகாம், இப்போது அது ஊர்ப்பெயர். மண்டபம், தங்கச்சிமடம், அக்காள்மடம் எல்லாமே வந்தவர்கள் ஒரு இரவு தங்கும் இடத்தின் சொற்கள்தான்.

தம்பிக்குப் போன் செய்து வாடியைச் சொன்னேன். அவருக்குப் பிடித்திருந்தது. ஆர்டர் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "அண்ணே, வாடி போடின்னு படிப்பாங்களாம், வேணாங்கிறாங்க." அமாவாசை அன்று போய்ப் பார்த்தேன். சிவப்பு வண்டி, பக்கத்தில் ஒரு சாமியானா, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. மேலே இரண்டு வரியாகப் போர்டு: 'தற்காலிகத்' என்று ஒரு வரி, 'தீயணைப்பு நிலையம்' என்று கீழே. த் இருந்தது.