ஊக்குவிப்பு அல்ல, உந்துதல்

தன்னார்வலர்களிடம் நிரப்பி வாங்கப்பட்ட ஒரு வினாத்தாளின் தமிழாக்கத்தை அண்மையில் பார்க்க நேர்ந்தது. தலைப்பு, "தன்னார்வலர் ஊக்குவிப்பு அளவீடு". அதன் ஓரத்தில் ஒரு பெண்மணி, "என்னை யாரும் ஊக்குவிக்கவில்லை, நானாகத்தான் வந்தேன்" என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார். மொழிபெயர்த்தவர் காணத் தவறிய பிழை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

மூலச் சொல் மோட்டிவேஷன். நகர்த்துதல் எனப் பொருள்படும் 'மொவேரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மோட்டாருக்கும் அதுவே வேர். ஊக்கமோ மனத்தின் எழுச்சி; திருக்குறளின் 60ஆம் அதிகாரமான ஊக்கமுடைமை பேசுவது ஒருவர் தமக்குள் உடைமையாகக் கொண்ட அந்த வலிமையைத்தான். அதை ஊக்குவிப்பு ஆக்கிய உடனே ஊக்குவிப்பவர் ஒருவரும் ஊக்குவிக்கப்படுபவர் ஒருவருமாக இரண்டு பேர் வந்து நின்றுவிடுகிறார்கள். ஊக்கத்தொகை, ஊக்கப்பரிசு என்றே கேட்டுப் பழகிய காதுக்கு, ஏதோ கொடுத்து ஆள் சேர்த்தது போலவும் அது ஒலிக்கிறது; கூலி வாங்காமல் வந்தவரிடம் இப்படியா கேட்பது?

'நோக்கம்' போதுமே என்பாரும் உண்டு. கிளாரி, ஸ்னைடர் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட மூல வினாநிரலைப் படித்தால் போதாது என்பது விளங்கும். அது 30 கூற்றுகளை ஆறு வகைகளில் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண்ணிடச் சொல்கிறது. பிறருக்கு உதவ வேண்டும் என்ற பற்று ஒரு வகை. பிறரைவிட நன்றாக இருக்கிறோமே என்ற உறுத்தலைத் தணித்துக்கொள்வதும் சொந்தக் கவலையை மறப்பதும் இன்னொரு வகை. உறுத்தலை நோக்கமாக வைத்துக்கொண்டு யாரும் வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை. நோக்கம் முன்னே நின்று இழுப்பது, உந்துதல் பின்னே இருந்து தள்ளுவது. இலங்கையில் மோட்டார் சைக்கிளை உந்துருளி என்பார்கள். மோட்டாருக்கும் மோட்டிவேஷனுக்கும் உள்ள உறவு தமிழிலும் அப்படியே நிற்கிறது. ஆகவே, 'தன்னார்வலர் உந்துதல் வினாநிரல்'.

தலைப்போடு தவறு நிற்கவில்லை. உறுத்தல் பற்றிய அந்த வகை மூலத்தில் 'புரொடெக்டிவ்', அதாவது மனத்தைக் காத்துக்கொள்வது; அதற்கு வெறுமனே 'பாதுகாப்பு' என்று பெயரிட்டிருந்தார்கள். தலைக்கவசமும் கையுறையும்தான் நினைவுக்கு வரும். விரும்பிய இடத்தில் வேலைக்குச் சேர இத்தொண்டு வழி திறக்கும் என்ற கூற்று, அதிலிருந்த ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால், "வேலை செய்ய விரும்பும் இடத்தின் கதவில் என் காலை வைக்க உதவும்" என்று ஆகியிருந்தது. ஓரத்தில் எழுதிய பெண்மணி மற்ற 29 கூற்றுகளுக்கும் எண்ணிட்டு, இதற்கு மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.