இங்கிலாந்தில் நீரிழிவு உள்ளவர்களுக்கான இலவசப் பாதப் பரிசோதனை

இங்கிலாந்தில் வாழும், நீரிழிவு கண்டறியப்பட்ட, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரின் பாதங்களும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் என்.எச்.எஸ். எனப்படும் அரசு சுகாதார சேவை மூலம் கட்டணமின்றிப் பரிசோதிக்கப்பட வேண்டும். மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நீரிழிவுப் பாத வழிகாட்டி இதைத் தெளிவாகக் கூறுகிறது. நோய் கண்டறியப்பட்ட உடனும், பாதத்தில் ஏதேனும் கோளாறு தோன்றும்போதும் பரிசோதிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. வேறு எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டாலும் பாதங்களைப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் உள்ளது. பலருக்கு இது தெரியாததால், வார்டில் படுத்திருக்கும் பெற்றோருக்காக இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

பெரும்பாலும் ஜிபி (குடும்ப மருத்துவர்) நிலையத்தில் நடைபெறும் வருடாந்த நீரிழிவு மதிப்பாய்வின்போதே, செவிலியரோ பயிற்சி பெற்ற உதவியாளரோ இதைச் செய்வார். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றாமல் நடந்தது எதுவும் பாதப் பரிசோதனை ஆகாது, "கால் எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு "நன்றாக இருக்கிறது" என்று பதில் சொல்லிவிட்டு எழுந்து வருவது போதாது. நீண்ட காலம் சர்க்கரை மிகுந்திருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்வை இழக்கின்றன. அதன்பின் சப்பாத்துக்குள் கிடக்கும் சிறு கல் தோலைக் கிழித்தாலும் வலி தெரிவதில்லை. ஆகவேதான் பரிசோதிப்பவர், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களைத் தொட்டு, கண்களை மூடியிருக்கும் நீங்கள் அதை உணர்கிறீர்களா என்று கேட்பார். பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித் துடிப்பை விரலால் தொட்டுப் பார்ப்பார். தோல் தடிப்பு, கால் ஆணி, புண், தொற்று, விரல்களின் வடிவ மாற்றம் ஆகியவற்றையும் கவனிப்பார்.

பரிசோதனையின் முடிவில் உங்கள் பாதம் எந்த ஆபத்து நிலையில் உள்ளது என்று சொல்லப்பட வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டுப் பெறுங்கள். அடுத்து உங்களுக்குக் கிடைக்க வேண்டிய சேவை முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தே அமைகிறது. குறைந்த ஆபத்து என்றால் அடுத்த ஆண்டு மீண்டும் பரிசோதனை. உணர்வுக் குறைவு, இரத்த ஓட்டக் குறைவு, பாத வடிவ மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் அது நடுத்தர ஆபத்து; பாதப் பாதுகாப்புச் சேவைக்கு அனுப்பப்பட்டு, 6 முதல் 8 வாரங்களுக்குள் அங்குள்ள பாத மருத்துவ நிபுணரால் பார்க்கப்பட வேண்டும். முன்பு பாதப் புண் வந்தவர்கள், விரலோ காலோ அகற்றப்பட்டவர்கள், டயாலிசிஸ் போன்ற சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெறுபவர்கள், மேற்சொன்ன குறைகள் ஒன்றுக்கு மேல் சேர்ந்தவர்கள் அதிக ஆபத்து நிலையில் வைக்கப்படுவர். அவர்களுக்கு இந்தக் காலம் 2 முதல் 4 வாரங்கள். அதன்பின் நடுத்தர ஆபத்தில் உள்ளவர்களை 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும், அதிக ஆபத்தில் உள்ளவர்களை உடனடிக் கவலை இல்லாவிட்டாலும் 1 முதல் 2 மாதங்களுக்கு ஒரு முறையும் மீண்டும் மதிப்பிட வேண்டும்.

பாதத்தில் புதிய புண், தொற்று, நிற மாற்றம் தோன்றினால் வருடாந்தத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. தோலில் வெடிப்பே இல்லாமல் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினாலும், வலி இல்லாவிட்டாலும் அதே அவசரம்தான். எலும்புகள் சிதைந்து பாதம் உருமாறும் சார்க்கோ பாதத்தின் தொடக்கமாக அது இருக்கலாம். இத்தகைய நிலையில் ஒரு வேலை நாளுக்குள் பாத நிபுணர் குழுவுக்குப் பரிந்துரை அனுப்பப்பட வேண்டும். அடுத்த ஒரு வேலை நாளுக்குள் அக்குழு மதிப்பிட வேண்டும். புண்ணோடு காய்ச்சலும் இருந்தாலோ திசு கறுத்து அழுகினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரு பரிசோதனைகளுக்கு இடையில் வீட்டிலேயே உணர்வைச் சோதிக்க எளிய முறை உண்டு. நீங்கள் கண்களை மூடிப் படுத்திருக்க, மற்றொருவர் உங்கள் இரு பாதங்களின் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறு நுனிகளையும் ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடிகள் மட்டும், அழுத்தாமல் தொட வேண்டும். வலமா இடமா என்று நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்களில் தொடுகை தெரியவில்லை என்றால் ஜிபி நிலையத்தை அழைத்துப் பாதப் பரிசோதனை கேளுங்கள்.

இத்திட்டத்துக்கு எல்லைகளும் உண்டு. வெறும் நகம் வெட்டும் சேவை பல இடங்களில் என்.எச்.எஸ். மூலம் கிடைப்பதில்லை, தகுதி விதிகள் பகுதிக்குப் பகுதி மாறும். குனிய முடியாதவர்களும் பார்வை மங்கியவர்களும் தாங்களே வெட்டிக் காயப்படுத்திக்கொள்ளும் அபாயம் இருப்பதால், இது எனக்கு நியாயமாகப் படவில்லை; எனினும் ஆபத்து நிலையையும் இயலாமையையும் எடுத்துச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. கால் ஆணிக்குக் கடைகளில் விற்கும் அமிலப் பட்டைகள் தோலைப் புண்ணாக்கக்கூடும் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால், சந்திப்பைப் பதிவு செய்யும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்; அதற்கும் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்தும் அழைப்பு வராவிட்டால் ஜிபி நிலையத்தைத் தொடர்புகொண்டு கேட்கலாம். பயன் இல்லை என்றால் நிலைய மேலாளரிடம் எழுத்துமூலம் முறையிடலாம்; பொதுவாக 12 மாதங்களுக்குள் முறையீடு செய்ய வேண்டும்.