ஆஃப்டோன்: அரையும் இல்லை, தொனியும் இல்லை

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறைக்குள் நுழைந்தால் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஆஃப்டோன்’. கையில் இருப்பது கறுப்பு மை ஒன்றுதான். வெள்ளை பனியனில் ஒரு குழந்தை முகம் அடிக்க வேண்டும், கன்னத்துக்குச் சாம்பல் நிறம் வேண்டும். என்ன செய்வது? “பொட்டுப் பொட்டா ஒடைச்சுப் போடோணுங்க” என்றார் எனக்குத் தெரிந்த பிரிண்டிங் மாஸ்டர். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் கடுகைவிடச் சின்னப் பொட்டுகள் தள்ளித் தள்ளி நின்றன. புருவத்தில் அவையே பருத்து ஒட்டிக் கிடந்தன. சாம்பல் எங்குமே இல்லை. லென்ஸை எடுத்ததும் கன்னம் திரும்பி வந்துவிட்டது.

‘ஹாஃப்’ என்றால் பாதி, சரி. ‘டோன்’ கிரேக்க ‘டோனோஸ்’ வழி வந்தது. இழுத்துக் கட்டிய விறைப்பு என்று பொருள். நரம்பின் விறைப்பு இசையின் சுருதியானது. ஓவியர்கள் அதையே வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆஃப்டோன் என்பது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவிலுள்ள சாயல். அச்சுக்காரர்கள் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது வேடிக்கைதான். அச்சில் இல்லாதது அந்த நடுச்சாயல் ஒன்றுதானே!

இந்த வித்தைக்குக் காப்புரிமை வாங்குவது பழைய வழக்கம். 1852இல் இங்கிலாந்தின் டால்பட் வாங்கிய காப்புரிமையில், படத்தைச் சிதறடிக்கப் பயன்பட்டது மெல்லிய வலைத்துணி. திருப்பூர்க்காரர்களுக்கு இந்தச் சேதி பிடிக்கும். 1882இல் ஜெர்மனியின் மைசன்பாக் கோடு போட்ட திரையைக் கொண்டுவந்தார்.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்தக் காப்புரிமைக் கதையும் பெரிதானது. படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை ஒரு சாம்பல் அளவு உண்டு. எண்கள் நிறைந்த ஒரு கட்டத்தை அதன்மேல் வைத்து, பிக்சலின் எண் கட்டத்தின் எண்ணைவிடச் சிறியதென்றால் பொட்டு, இல்லையேல் வெறுமை. கட்டத்து எண்களை ஒழுங்காக அடுக்கினால் கோலம் போல வரிசை தெரியும். கண்டபடி போட்டால் மணல் தூவியது போலாகும். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தியோஃபானோ மிட்சாவும் கெவின் பார்க்கரும் இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் கண்டார்கள்: ‘ப்ளூ நாய்ஸ் மாஸ்க்’. கண்ணுக்கு எளிதில் பிடிபடாத நுண்ணிய சிதறல் அது. 1990இல் விண்ணப்பம், 1992இல் காப்புரிமை. அந்தக் காப்புரிமையைக் கையில் வைத்திருந்த ரிசர்ச் கார்ப்பரேஷன் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் மைக்ரோசாஃப்ட்மேல் வழக்குப் போட்டது. ‘இது வெறும் கருத்து’ என்று அமெரிக்காவின் அரிசோனா நீதிமன்றம் காப்புரிமை உரிமை கோரிய அம்சங்களில் சிலவற்றைத் தள்ளியது. 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, இதில் அருவமாக ஒன்றுமில்லை என்றது. நம் நாட்டிலோ, காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறையையும் அல்காரிதத்தையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அரைத்தொனி’ ஆகாது. தொனி நமக்கு ஓசை; படத்துக்கு ஏது ஓசை? என் தேர்வு ‘புள்ளிச்சாயல்’. ‘நீலச் சாயல்’ என்கையில் நிறம், ‘அப்பன் சாயல்’ என்கையில் முகம். புள்ளிகள் இரண்டையும் கொண்டுவருகின்றன. மாஸ்டரிடம் சொன்னேன். ஸ்கிரீனைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “பொட்டுச்சாயல்னே வெச்சுக்குங்க, பசங்களுக்குச் சட்டுனு புரியும்.”