லூட் பாக்ஸுக்குத் தமிழ்: குலுக்கல் பெட்டி (தயவுசெஞ்சு "கொள்ளைப் பெட்டி"ய விட்டுருங்க)

"கொள்ளைப் பெட்டி"ன்னு இன்னொரு தடவ யாராச்சும் எழுதிப் பாத்தேன்னா போனத் தூக்கி வெண்ணாத்துல போட்டுருவேன் போல இருக்கு. கேம் பத்தி தமிழ்ல வீடியோ போடுறவங்க, ஆன்லைன் சூதாட்டத்தப் பத்தி பெருசா கட்டுரை எழுதுறவங்க, போதாக்குறைக்கு மொழிபெயர்க்கிற ஆப்பு, எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி லூட் பாக்ஸுக்கு இதையே பிடிச்சுத் தொங்குறாங்க. லூட்னா கொள்ளை, பாக்ஸ்னா பெட்டி, வேலை முடிஞ்சுது, அடுத்த வார்த்தைக்குப் போவோம். அந்தப் பெட்டி என்ன பண்ணுதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா இத எழுதியிருக்கவே மாட்டாங்க.

கேம் ஆடாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். கேமுக்குள்ள ஒரு பெட்டி இருக்கும். அதத் தொறக்க காசு கட்டணும், இல்ல காசு குடுத்து வாங்குன கேம் நாணயத்தக் கட்டணும் (பிஜிஎம்ஐங்கிற போன் துப்பாக்கி கேம ஆடுற பசங்க "யூசி"ன்னு சொல்றது அதைத்தான்). உள்ள என்ன இருக்குன்னு தொறந்த பிறகுதான் தெரியும். பளபளன்னு ஒரு துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கியோட தோற்றத்த மட்டும் மாத்துற அலங்காரம்) வரலாம், ஒண்ணுக்கும் ஆவாத ஒரு தொப்பி வரலாம். பெரும்பாலும் தொப்பிதான்.

இப்ப வேர். இங்கிலீஷ்ல இருக்கிற "லூட்" அவங்க சொத்து கிடையாது, 18ம் நூற்றாண்டு கடைசியில இந்திலேர்ந்து எடுத்துக்கிட்டுப் போனது, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இங்க வந்து அந்த வேலையச் செஞ்சான், செஞ்ச வேலைக்குப் பேரையும் இங்கேர்ந்தே கொண்டு போனான். "லுண்ட்"ங்கிற சம்ஸ்கிருத வேருக்கு அது போய்ச் சேரும். நம்ம வீட்டுல சின்னப் பசங்கள "லூட்டி அடிக்காத"ன்னு அதட்டுறோமே, அந்த லூட்டியும் இதே குடும்பந்தான். கேமுக்குள்ள இந்த வார்த்தை நல்லா ஊறிப்போனது 90கள் கடைசியில வந்த டயாப்லோ மாதிரி ஆட்டங்கள்ல, அரக்கன அடிச்சா அவன்கிட்டேர்ந்து கத்தி, கவசம், காசுன்னு கீழ விழும், அதப் பொறுக்கிக்கலாம், அதுக்குப் பேரு லூட். சரி, அது நியாயமான பேரு, அடிச்சவன் எடுத்துக்கிறான். அப்புறம் அந்தப் பேர அப்படியே கொண்டுபோய் காசு குடுத்துத் தொறக்கிற பெட்டி மேல ஒட்டுனாங்க பாருங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிச்சுது. 2010ல டீம் ஃபோர்ட்ரஸ் 2ங்கிற கேம்ல கிரேட்டுங்கிற பூட்டுன பெட்டியும் அதத் தொறக்கிற சாவியும் வந்துச்சு, 2013ல கவுண்டர் ஸ்ட்ரைக்ல அதே மாதிரி கேஸ் வந்துச்சு, 2016ல ஓவர்வாட்ச்ங்கிற கேம் வந்தப்போ லூட் பாக்ஸ்ங்கிற பேரு உலகம் பூரா பரவிடுச்சு.

சரி, கொள்ளைக்கு வருவோம். கொள்ளைன்னா என்ன? காசு குடுக்காம, கேக்காம, பலத்தால எடுத்துக்கிட்டுப் போறது. 1781ல ஹைதர் அலி படை தஞ்சாவூர்ச் சீமைக்குள்ள புகுந்து பண்ணது கொள்ளை. அதுல யாரு கொள்ளைக்காரன், யாரு பறிகுடுத்தவன்னு யாருக்கும் சந்தேகமே வராது. கொள்ளைப் பெட்டியில மட்டும் கொள்ளைக்காரன் யாரு? இலக்கணப்படி பாத்தா பெட்டியத் தொறக்கிறவன், அதாவது அம்மா போன்ல யூபிஐ போட்டு யூசி வாங்குன பத்தாங்கிளாஸ் பையன். காசு போறது அவன்கிட்டேர்ந்து, கொள்ளைக்காரன் பட்டமும் அவனுக்கா? "அதான் கம்பெனி நம்மளக் கொள்ளையடிக்குதுல்ல, அந்த அர்த்தத்துல எடுத்துக்கலாமே"ன்னு ஒரு நண்பர் சொன்னாரு. நல்ல கிண்டல்தான். ஆனா கிண்டல் பண்றதுக்கு ஒரு வார்த்தை, அர்த்தம் சொல்றதுக்கு ஒரு வார்த்தைன்னு இருக்குல்ல? அகராதியில கிண்டல போட முடியாது. மொழிபெயர்த்தவங்களும் கிண்டலா நினைச்சுப் போடல, டிக்‌ஷ்னரியில முதல்ல என்ன இருந்துச்சோ அத எடுத்துப் போட்டாங்க, அவ்ளோதான்.

"கொள்"ளுங்கிற வேரு வேற இருக்கு, அதச் சொல்லாம விட்டா மனசு கேக்காது. கொள்ளுன்னா எடுத்துக்கிறது, வாங்குறது. நெல் கொள்முதல் நிலையம்னு ஊருக்கு ஊரு போர்டு இருக்கே, அதுல இருக்கிற கொள்ளும் அதான். பூம்புகார் வணிகர்களப் பத்தி பட்டினப்பாலை "கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது"ன்னு சொல்லுது. வாங்குறப்போ கூட எடுக்க மாட்டாங்க, குடுக்குறப்போ கொறைக்க மாட்டாங்கன்னு அர்த்தம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதே டெல்டாவுல யாவாரத்துக்கு அதுதான் நியாயம். இந்தப் பெட்டி யாவாரம் அதுக்கு நேர் தலைகீழ், குடுக்கிறது என்னன்னே சொல்லாம வாங்கிக்கிறது.

இன்னொரு தொல்லை, இது எங்க பக்கத்து ஆளுங்களுக்குப் புரியும். ள வரவேண்டிய எடத்துல ல போட்டு ஒருத்தர் "கொல்லைப் பெட்டி"ன்னே தலைப்பு வச்சிருந்தாரு. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் கொல்லைன்னா வீட்டுக்குப் பின்னாடி வாழையும் முருங்கையும் நிக்கிற எடம், "கொல்லைக்குப் போயிட்டு வரேன்"னு சொன்னா எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அந்தத் தலைப்பப் படிச்சு எங்க வீட்டுல சிரிச்ச சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆச்சு.

மத்த போட்டியாளர்களையும் பாத்துருவோம். "புதையல் பெட்டி"ன்னு ஒரு கோஷ்டி. புதையல்னா யாரோ எப்பவோ பொதைச்சு வச்சது, நமக்குத் தற்செயலா ஆப்புடறது. இதுல பொதைச்சவன் கடையத் தொறந்துகிட்டு எதுத்தாப்புல உக்காந்திருக்கான். தள்ளுபடி. "பரிசுப் பெட்டி" இன்னும் மோசம். காசு குடுத்து வாங்குனதுக்குப் பேரு பரிசா? கம்பெனி விளம்பரத்துல அப்படி எழுதலாம், நாம ஏன் அவனுக்குக் கூலி வாங்காம எழுதணும்? இதுல நம்ம அரசாங்கமும் லேசுப்பட்டது இல்ல, லாட்டரி நடத்துன காலத்துல அதுக்குப் பேரு "பரிசுச் சீட்டு", "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு"ன்னு அழகா ஒரு வாசகம் வேற. இங்க விழுந்தா ஒரு ஸ்கின்னு, விழாட்டி கம்பெனிக்கு. "அதிர்ஷ்டப் பெட்டி" கொஞ்சம் தேவலாம், அதிர்ஷ்டம்ங்கிறதுக்கே வேர்ப்படி "பாக்காதது"ன்னுதான் பொருள், உள்ள இருக்கிறது தெரியாத பெட்டிக்குப் பொருந்தத்தான் செய்யுது. ஆனா இன்னைக்கு அதிர்ஷ்டம்னா நல்லது நடக்கும்னு மட்டும்தான் காதுல விழுது, தொப்பி வந்தவனுக்கு என்ன அதிர்ஷ்டம்?

அடுத்தது கோவக்காரங்க கட்சி, "சூதுப் பெட்டி". எனக்கும் கை அங்கதான் போச்சு, சும்மா சொல்லக்கூடாது. ஆனா சூதா இல்லையாங்கிறதுதான் உலகம் பூரா வழக்கே. 2017 நவம்பர்ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2ல இந்தப் பெட்டிங்க வந்து பெரிய சண்டையாச்சு, கதாபாத்திரத்த இவ்ளோ நேரம் ஆடித்தான் தொறக்கணுமான்னு கேட்டதுக்கு "பெருமிதமும் சாதிச்ச உணர்வும் வரணும்"னு கம்பெனி ரெடிட்ங்கிற இணைய மன்றத்துல பதில் போட்டு 6 லட்சத்துக்கும் மேல டவுன்வோட் (பிடிக்கலைங்கிற ஓட்டு) வாங்கிக் கட்டிக்கிச்சு. 2018 ஏப்ரல்ல பெல்ஜியம் சூதாட்ட ஆணையம் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுண்டர் ஸ்ட்ரைக் பெட்டிங்க எல்லாம் சூதாட்டந்தான், சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. பக்கத்து நாடு நெதர்லாந்துல ஃபிஃபா பெட்டிக்காக 1 கோடி யூரோ அபராதம் போட்டாங்க, ஆனா 2022 மார்ச்ல அங்க இருக்கிற உச்ச நிர்வாக நீதிமன்றம் அது தனி சூதாட்டம் இல்ல, பெரிய ஆட்டத்துல ஒரு பகுதிதான்னு அபராதத்தயே ரத்து பண்ணிடுச்சு. ஒரே பெட்டி, பக்கத்துப் பக்கத்து நாடு, ரெண்டு பதில். நம்ம ஊர்லயும் 2022ல கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்த 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ஏத்துக்கிச்சு, ஆனா ரம்மியும் போக்கரும் வெறும் அதிர்ஷ்ட ஆட்டம்னு போட்டிருந்தத மட்டும் எடுத்துருச்சு. ஆக, சூதுங்கிறது தீர்ப்பு. தீர்ப்பப் பேருலயே வச்சுட்டா அப்புறம் "சூதுப் பெட்டி சூதாட்டமா?"ன்னு ஒரு கேள்வியக்கூடத் தமிழ்ல கேக்க முடியாது, கேட்டா கேக்குறவன் கேனையனாத் தெரிவான்.

அதனாலதான் நான் குலுக்கல்ங்கிறேன். குலுக்கல் பெட்டி. எதச் செய்யுதோ அது பேரு. ஜப்பான்காரன் இதத்தான் பண்ணான், காசு போட்டுத் திருகுனா உருண்டை பொம்மை விழுற மெஷின் இருக்குல்ல, திருகுற சத்தம் "காச்சா", விழுற சத்தம் "போன்", ரெண்டையும் சேத்து காச்சாபோன். கேமுக்குள்ள அந்த யாவாரம் வந்ததும் காச்சான்னே கூப்பிட்டான். செட்டு சேத்தா பெரிய பரிசுங்கிற கம்ப்ளீட் காச்சாவ 2012ல அங்க சட்டப்படி நிறுத்துனாங்க, அப்பவும் என்னத்த நிறுத்துறோம்னு ஜனங்களுக்குப் பேரக் கேட்டதும் புரிஞ்சிருக்கும்.

நமக்குக் குலுக்கல் புதுசா? உத்திரமேரூர்க் கல்வெட்டுல முதலாம் பராந்தகன் காலத்துல ஓலையில பேர எழுதி குடத்துல போட்டு ஒரு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொன்னதா விவரமா இருக்கு, ஆயிரம் வருஷம் தாண்டிடுச்சு. இன்னைக்குத் தனியார் பள்ளிக்கூடத்துல இலவச ஒதுக்கீட்டு எடத்துக்கு விண்ணப்பம் கூடிப்போனா பேப்பர்ல எப்படி போடுறான்? "குலுக்கல் முறையில் தேர்வு". யாரும் எதையும் கையில புடிச்சு ஆட்டணும்னு இல்ல, கம்ப்யூட்டர் எடுத்தாலும் குலுக்கல்தான். "பெட்டியக் குலுக்குறதே இல்லையே"ன்னு வர்றவங்களுக்கு இதான் பதில்.

இதுல இன்னொரு சௌகரியம், பக்கத்துல வர்ற வார்த்தைங்களும் தானா வந்து உக்காந்துக்கும். லாட்டரிய 2003ல நிறுத்திட்டாலும் "பரிசு விழுந்துச்சா?"ங்கிற பேச்சு இன்னும் நம்ம வாயவிட்டுப் போவல. அந்த "விழுறது"தான் கேம்ல டிராப். டிராப் ரேட்டுக்கு ஒரு கேம் மெனுவுல "துளி வீதம்"னு போட்டிருந்தான், கண் மருந்து கடையா நடத்துறான்? விழும் வாய்ப்புன்னு போட்டா எங்க அத்தைக்குக்கூடப் புரியும். அந்த வாய்ப்பு எவ்ளோன்னு சொல்லணும்னு சீனா 2017 மே மாசத்துலேர்ந்து சட்டமே போட்டுச்சு, அப்பதான் கவுண்டர் ஸ்ட்ரைக் பெட்டியில கத்தி விழுற வாய்ப்பு 0.26 சதவீதம்னு வெளிய வந்துச்சு, சராசரியா 385 பெட்டிக்கு ஒண்ணு. பெட்டியத் தொறக்கிற ஒரு சாவி 2.49 டாலர். பெருக்கிப் பாத்துக்குங்க. குலுக்கல்னு பேரு இருந்தா "எத்தனை சீட்டுல ஒண்ணு?"ன்னு கேள்வி வாயில வந்துரும். கொள்ளைன்னா அந்தக் கேள்வியே எழாது.

அப்ப வெறும் லூட்டுக்கு? பேட்டில் ராயல் ஆட்டத்துல பாராசூட்ல எறங்குன உடனே வீடு வீடா ஓடி துப்பாக்கி, மருந்து, ஹெல்மெட்டுன்னு அள்ளுறாங்களே, அது. அதுக்குத் தமிழ்ல அழகான வார்த்தை சும்மா கெடக்கு: சூறை. புள்ளையார் கோயில் வாசல்ல சூறைத் தேங்காய் உடைச்சதும் பசங்க பாஞ்சு பொறுக்குவாங்கள்ல, எவன் கைக்கு எது ஆப்புடுதோ அது அவனுக்கு, காசு கெடையாது, முட்டி பேந்தா கேக்க ஆள் கெடையாது. அந்த ஆட்டம் அச்சு அசல் அதான். எங்க அக்கா பையன்கிட்ட சொன்னேன், "மாமா, சூறை நல்லாருக்கு, ஆனா டீம்மேட்கிட்ட 'அங்க சூறை இருக்கு'ன்னு சொன்னா புயல் எச்சரிக்கைன்னு நினைப்பான்"ங்கிறான். கஜா பாத்த புள்ளைங்க, அதுவும் நியாயந்தான்.

நான் எல்லாத்தையும் தமிழாக்கணும்னு கத்துற ஆளு கெடையாது. ஆட்டம் திக்கித் திக்கி நிக்கிற லேக்க லேக்குன்னே சொல்லுங்க, நெட்டு பதில் தர ஆவுற நேரமான பிங்க பிங்குன்னு சொல்லுங்க, ஒருத்தரும் குடிமுழுகிப் போவ மாட்டாங்க. மாத்தணும்னு எறங்குனா ஆட்டத்த ஒரு தடவையாச்சும் ஆடிட்டு மாத்துங்கன்னுதான் சொல்றேன். சுடுற பட்டனுக்கு "நெருப்பு", ஸ்கின்னுக்கு "தோல்", சீசன் பாஸுக்கு "பருவக் கடவுச்சீட்டு"ன்னு போடுறவங்க ஆடிப் பாத்து போட்டதா எனக்குத் தெரியல. மெனுவத் தமிழ்ல வச்சா துப்பாக்கிக்குத் தோல் விக்கிறான், எந்த மாட்டோட தோலுன்னு யாருக்குத் தெரியும். பசங்க ரெண்டு நாள் பாத்துட்டு திரும்ப இங்கிலீஷுக்கே மாத்திக்கிறாங்க, அப்புறம் நாம "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் தமிழ்ப் பற்றே இல்ல"ன்னு பொலம்புறோம்.

கடைசியா, இலக்கணப்படி "குலுக்கற்பெட்டி"ன்னுதான் எழுதணும்னு ஒருத்தர் கண்டிப்பா வருவாரு. ஐயா, புணர்ச்சி விதி எனக்கும் தெரியும், ற் போட்டா பையன் வாயில நுழையாது, குலுக்கல் முறைன்னு தனியா நிக்கிற வார்த்தை அப்படியே நிக்கட்டும், நடுவுல ஒரு எடவெளி விட்டுக்குங்க.