இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம்: மென்னிறகு ஈ கட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள்

டிரவுட் மீனைப் பிடிக்க, தூண்டில் முள்ளில் நூலும் மென்மையான இறகும் சுற்றிப் பூச்சி போலச் செய்யும் மென்னிறகு ஈக்களைக் கட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், இந்த ஈக்கள் பிறந்து வளர்ந்த ஆறுகளின் பக்கத்திலேயே இருந்து அதைச் செய்துவருகிறேன். சென்ற வாரம் வகுப்புக்கு வந்த ஒருவர், தாம் கட்டிய ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ ஈக்களை (பார்ட்ரிட்ஜ் என்ற கௌதாரி இனப் பறவையின் இறகும் ஆரஞ்சு நூலும் சேர்ந்தவை) பெட்டி நிறையக் கொண்டுவந்து, வார்ஃப் ஆற்றில் பருவம் முழுவதும் போட்டும் மீன் சீண்டவே இல்லை என்று வருத்தப்பட்டார். அவர் கட்டில் பிசகில்லை; நூல் சீராக ஓடியிருந்தது, தலையும் சிறியதாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஈயின் கழுத்திலும் ஐந்தாறு சுற்று இறகு விளக்குமாறு போல விறைத்து நின்றது. இதே பெட்டியை வேறு வேறு கைகளில் பல முறை பார்த்துவிட்டதால், இனியும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைப்பதே மேல் என்று தோன்றியது.

இறகு கூடினால் ஈ பெரிதாகத் தெரியும், பெரிதாகத் தெரிந்தால் மீன் விரைந்து வரும் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து எல்லோர் மனத்திலும் குடியேறியிருக்கிறது. இது முற்றிலும் தவறு. நீர்மேல் மிதக்கும் ஈக்கு அடர்ந்த ஹேக்கிள், அதாவது கழுத்தில் சுற்றும் இறகு, தேவைதான். சேவலின் கழுத்திலிருந்து எடுத்த விறைப்பான இழைகள் அங்கே ஈயைத் தாங்கிப் பிடிக்கின்றன. மென்னிறகு ஈயின் வேலை வேறு. அது நீர்மட்டத்துக்குச் சில அங்குலம் கீழே போக வேண்டும். அங்கே நீரோட்டம் தள்ளும்போது அதன் இழைகள் படிந்து, ஓட்டம் தளரும்போது விரிய வேண்டும். புழுப்பருவம் முடிந்து மேலே எழும் பூச்சி தோலை உரித்துக்கொண்டு வெளிவரத் திணறும் நேரத்தில், அதன் கால்களும் பாதி விரிந்த சிறகும் அசைவதைப் போன்ற தோற்றம் அப்போதுதான் கிடைக்கும். ஐந்து சுற்று இறகு போட்டால் இழைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், எதற்கும் அசைய இடமிருக்காது. உள்ளே காற்று தங்கி ஈ மூழ்கவும் மறுக்கும். பட்டு நூலில் அவ்வளவு கவனமாகச் சுற்றிய உடலும் வெளியே தெரியாமல் மறைந்துவிடும்.

கடைகளில் விற்கும் ஈக்கள் அடர்த்தியாகத்தானே இருக்கின்றன என்று கேட்கிறார்கள். இருக்கின்றன. கடையில் ஈயைத் தேர்ந்தெடுப்பது மனிதக் கண், அதுவும் உலர்ந்த ஈயைப் பார்த்து. மெலிந்த ஈ ஏதோ குறைபட்டது போலத் தெரிவதால் அதை யாரும் எடுப்பதில்லை. 1857இல் தம் மீன்பிடிப் புத்தகத்தை வெளியிட்ட ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட், ஈ மெலிதாக இருக்க வேண்டும் என்று அப்போதே வற்புறுத்தினார். 1885இல் டி. ஈ. பிரிட் யார்க்‌ஷயர் ஈக்களைத் தொகுத்தபோது பதிவான வடிவங்களும் மிகச் சிக்கனமானவை. பட்டு நூல், சிட்டிகை மென்மயிர், ஒரே ஒரு சிற்றிறகு ஆகியவற்றுக்கு மேல் பெரும்பாலானவற்றில் எதுவும் இல்லை.

‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ ஈயையே எடுத்துக்கொள்வோம். பதினான்காம் எண் அளவுள்ள தூண்டில் முள் போதும். மெழுகு தடவிய ஆரஞ்சுப் பட்டு நூலை முள்ளின் கண்ணுக்குச் சற்றுப் பின்னே தொடங்கி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்படி கீழிறக்கி, முள்ளின் கூர்முனைக்கு நேர் மேலே நிறுத்திவிட வேண்டும். வளைவு வரை உடலை இழுத்துச் செல்வது இறகுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்க்கும் பிழை. அதே நூலை மேலே கொண்டுவந்து, சாம்பல் பார்ட்ரிட்ஜின் முதுகிலிருந்து எடுத்த பழுப்புப் புள்ளியிறகு ஒன்றை, அடியிலுள்ள பஞ்சு போன்ற தூவியை உரித்துவிட்டு, அதன் நுனிப்பக்கமாகக் கட்டுங்கள். இழையின் நீளம் முள்ளின் வளைவைத் தாண்டக் கூடாது. இரண்டு சுற்று, அதோடு சரி. இரண்டு சுற்றுக்கே அடர்த்தியாகத் தெரிந்தால் இறகின் ஒரு பக்கத்து இழைகளைக் கட்டுவதற்கு முன்பே உரித்துவிடுங்கள். இந்த இறகின் நடுத்தண்டு எளிதில் முறியும். இடுக்கியால் இழுக்காமல் விரலால் மெல்லச் சுற்றுங்கள். முடித்தபின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ண முடிய வேண்டும். எண்ண முடியாவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

நீர்க்கோழியின் இறகு சுற்றும் ‘வாட்டர்ஹென் ப்ளோ’ என்ற ஈயைக் கட்டுபவர்களும் இதே தவற்றை மயிரில் செய்கிறார்கள். மஞ்சள் பட்டு நூலின்மேல் தடவும் அகழெலி மயிர், நூலின் நிறம் ஊடே தெரியும் அளவுக்கு மெலிதாக இருக்க வேண்டும். வசந்தத்தின் தொடக்கத்தில் இந்த ஆறுகளில் எழும் கரும்பச்சைப் பூச்சிக்கு அந்த மங்கிய மஞ்சள்தான் அடையாளம். மயிரைத் திணித்தால் அது போய்விடும்.

கட்டிய ஈயை உலர்ந்த நிலையில் வைத்து மதிப்பிடாதீர்கள். நனைந்தால் பட்டின் நிறம் ஆழ்ந்து கறுக்கும், மெழுகும் தன் பங்குக்கு அதைக் கூட்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, ஈயைத் தூண்டில் நரம்பில் கட்டி உள்ளே மெல்ல மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது இழைகள் உடலோடு படிந்து, நிறுத்தியவுடன் விரிந்தால் அது நல்ல ஈ. நான் எத்தனை விளக்கினாலும் ஏற்காதவர்கள் இந்தக் குவளையைப் பார்த்துத்தான் ஏற்றிருக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவதில் எனக்குப் பொறுமை கிடையாது. முள்ளின் முனையருகே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்முள்ளை, ஈயைக் கட்டத் தொடங்குவதற்கு முன்பே வைஸில் (முள்ளைப் பற்றிப்பிடிக்கும் கருவியில்) வைத்து இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முள் உடைவதானால் அப்போதே உடையட்டும், கட்டிய உழைப்பு வீணாகாது. உங்கள் விரலில் ஏறினாலும் முள் எளிதில் கழன்று வரும், விடுவிக்கும் மீனின் வாயும் கிழியாது. மேசையில் உட்காரும்போதே கண்ணாடி அணியுங்கள், தூண்டில் வீசும்போதும் கழற்றாதீர்கள். உடைந்து தெறிக்கும் முள்துண்டுக்கும், காற்றில் திசைமாறி வரும் ஈக்கும் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரியாது. புதிதாக வாங்கிய இறகுத்தோலை நெகிழிப் பையில் மூடிச் சில வாரங்கள் உறைபெட்டியில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். அந்துப்பூச்சி ஒருமுறை பெட்டிக்குள் நுழைந்தால் ஆண்டுக்கணக்கில் சேர்த்ததெல்லாம் தூளாகிவிடும்.

இறகு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பலரும் தவிர்க்கிறார்கள். பழைய வடிவங்களில் டாட்டரெல் என்ற மலைப்பறவையின் இறகு பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து மலைகளில் அதை ஈ கட்டுவதற்காகவே சுட்டுத் தள்ளினார்கள், பறவையும் அருகிப்போயிற்று. இன்று அதைத் தொடக்கூடாது. ஸ்டார்லிங் என்ற சிறு பறவையின் சிறகடி இறகு அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. சாம்பல் பார்ட்ரிட்ஜும் பிரிட்டனில் வெகுவாகக் குறைந்து, பாதுகாப்பு மிகத் தேவைப்படும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. வேட்டைப் பருவத்தில் சட்டப்படி சுடப்பட்ட பறவையின் தோலை, நம்பகமான கடையில் ரசீதோடு வாங்குங்கள். ஒரு தோலில் நூற்றுக்கணக்கான ஈக்கள் கட்டலாம், இரண்டாவது தோலுக்கு அவசரமே இல்லை.

நீலகிரி ஓடைகளிலும் டிரவுட் வாழ்வதால் அங்கிருந்தும் சிலர் எனக்கு எழுதுகிறார்கள். கௌதாரி இறகு கிடைக்கிறது, சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு கிடைக்கிறது, பயன்படுத்தலாமா என்று அண்மையிலும் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது, ஐயா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவைகளைப் பாதுகாக்கிறது; நீர்க்கோழி இனத்தைச் சேர்ந்த கானாங்கோழிக்கும் அதே பாதுகாப்பு உண்டு. யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் வளர்க்கும் பெட்டைக்கோழியின் கழுத்திலும் தோளிலும் உள்ள சிற்றிறகுகள் இந்த ஈக்குத் தேவையான அளவு மென்மையானவை. பழுப்பில் புள்ளி விழுந்த நாட்டுக்கோழியாக இருந்தால், பார்ட்ரிட்ஜுக்கு மாற்றாக அதைத் தயங்காமல் வையுங்கள். இறகை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, அளவு வாரியாகப் பிரித்து எடுத்துவையுங்கள். கட்டும்போது அங்கும் இரண்டு சுற்றுதான்.