புண் இல்லாத நாளிலும் பரவும் ஹெர்பீஸ்

"சூட்டுக் கொப்புளம்தான் டாக்டர், வெயில் நாளில் வரும், போகும்." பிறப்புறுப்பு ஹெர்பீஸ் உள்ளவர்கள் பலர் இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் தோல் மருத்துவரிடம் வருகிறார்கள். அதற்குள் எண்ணெய்க் குளியல் ஆகியிருக்கும், இளநீர் குடித்தாகியிருக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய படைக் களிம்பும் பாதி தீர்ந்திருக்கும். பத்து நாளில் புண் ஆறிவிடும். பெருமை இளநீருக்குப் போகும். உண்மையில், எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் அதே பத்து நாளில்தான் ஆறியிருக்கும். அந்தப் படைக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் (பெரும்பாலும் கலந்திருக்கும்) இன்னும் தாமதமாகும்.

புண் ஆறியதும் நோயும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். துணைக்குப் பரவுவது பெரும்பாலும் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும் நாட்களில்தான்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் "அக்கி" என்பார்கள், குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொள்வார்கள். அது பெரும்பாலும் ஹெர்பீஸ் சோஸ்டர். சின்னம்மை வந்தவர் உடலில் தங்கிவிட்ட வைரஸ் பல வருடம் கழித்து எழுந்து, விலாவிலோ முகத்திலோ ஒரு பக்கமாகப் பட்டைபோல் கொப்புளம் போடுவது. உடலுறவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மருந்துச் சீட்டில் "ஹெர்பீஸ்" என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு வீட்டில் சண்டை போடுமுன், எந்த ஹெர்பீஸ் என்று கேளுங்கள். இங்கே நாம் பேசுவது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் பற்றி.

சுருக்கமாக எச்.எஸ்.வி. இதில் இரண்டு வகை. எச்.எஸ்.வி.-1 பெரும்பாலும் சிறுவயதில் முத்தம், எச்சில் வழியாக வந்து உதட்டோரம் கொப்புளம் போடும். எச்.எஸ்.வி.-2 உடலுறவில் தொற்றிப் பிறப்புறுப்பைச் சுற்றி இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 380 கோடிப் பேரிடம் முதல் வகையும், 15 முதல் 49 வயதுக்குள் 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகையும் இருக்கின்றன. உதட்டில் கொப்புளம் உள்ளவர் வாய்வழி உறவு கொண்டால் முதல் வகையும் பிறப்புறுப்புக்கு வந்துவிடும். "எனக்கு உதட்டில்தானே" என்பது பலருக்குத் தெரியாத வாசல்.

தோலில் நுண்ணிய கீறல் இருந்தால் போதும், அல்லது ஈரமான சவ்வு போதும், வைரஸ் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்ததும் அந்த இடத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு ஏறி, முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். உதட்டு வைரஸ் காதுக்கு முன்புறம், மண்டைக்குள் இருக்கும் முடிச்சில். அங்கே மருந்தும் எட்டாது, நம் எதிர்ப்புச் சக்தியும் அதைத் துடைத்தெறியாது. அவ்வப்போது அதே நரம்பு வழியாக இறங்கித் தோலுக்கு வரும். சில தடவை கொப்புளமாக, பல தடவை எந்த அடையாளமும் இல்லாமல். சத்தமில்லாமல் வரும் அந்த நாட்களைத்தான் கவனிக்க வேண்டும். எச்.எஸ்.வி.-2 உள்ளவர்களிடம் தினமும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்த்த ஆய்வில், புண் வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு ஐந்தில் ஒரு நாளும், புண்ணே வந்ததில்லை என்பவர்களுக்குப் பத்தில் ஒரு நாளும் தோலில் வைரஸ் இருந்தது. 1992இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவருக்கு மட்டும் நோயிருந்த 144 தம்பதிகளைக் கவனித்தது. அதில் தொற்றியவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு, துணையிடம் புண் எதுவும் இல்லாத நேரத்தில்தான் தொற்றியிருந்தது. பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போனதைவிட ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போனது பல மடங்கு அதிகம்.

ஆகவே "புண் இருந்தால் மட்டும் தள்ளியிரு" என்ற அறிவுரை பாதி உண்மைதான். ஆனால் அந்தப் பாதியை விட்டுவிடவும் முடியாது, புண் உள்ளபோதுதான் வைரஸ் மிக அதிகம். தள்ளியிருக்க வேண்டிய காலம் கொப்புளம் தெரியும்போது தொடங்குவதில்லை. அதற்குச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் முன்பே, அந்த இடத்தில் ஊறல், எரிச்சல், பிட்டத்திலிருந்து தொடை வரை மின்சாரம் பாய்வதுபோல் ஒரு இழுப்பு வரும். பழகியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த ஊறல் தொடங்கிய நேரத்திலிருந்து, பொருக்கு தானாக உதிர்ந்து அடியில் புதுத்தோல் மூடும்வரை உறவு வேண்டாம், வாய்வழி உறவும் வேண்டாம். பெண்களின் உட்பகுதிச் சவ்வில் வரும் புண்ணில் பொருக்கே கட்டாது. அங்கே வலி நின்றுவிட்டதை மட்டும் நம்பாமல், பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெண்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. கொப்புளமே போடாமல், காகிதம் அறுத்ததுபோல் ஒரு மெல்லிய வெடிப்பு, அரிப்பு, சிறுநீர் பட்டால் எரிச்சல், அவ்வளவுதான் இருக்கும். மாதவிலக்கை ஒட்டி வரும், நான்கு நாளில் போகும். பூஞ்சைத் தொற்று என்று மருந்து கொடுத்து, கொடுத்து, வருடங்கள் ஓடிவிடும். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வருகிற எதையும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அது இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆணுறை எவ்வளவு காக்கும்? எச்.ஐ.வி.யில் காப்பதுபோல் இதில் காக்காது. வைரஸ் வரும் இடம் ஆணுறை மூடும் இடத்தைவிடப் பெரிது: விதைப்பை, தொடை இடுக்கு, பிட்டம், ஆசனவாய் ஓரம் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, எப்போதும் ஆணுறை போட்டவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போவதை அது நன்றாகவே தடுக்கும், உறுப்பின் தோலை மூடிவிடுகிறதல்லவா. பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போவதைத் தடுப்பது அதைவிடக் குறைவு. நடைமுறையில் தவறுவது இரண்டு இடத்தில். உரசல் எல்லாம் முடிந்து கடைசி நேரத்தில் போடுவது ஒன்று. இதில் தோலும் தோலும் படுவதே போதும், அதனால் தொடும் முன்பே போட வேண்டும். மற்றொன்று தேங்காய் எண்ணெய். வழுவழுப்புக்காக அதைத் தடவினால் லேடெக்ஸ் ஆணுறை சில நிமிடத்திலேயே பலமிழந்து கிழிய ஆரம்பிக்கும். வாசலினும் அப்படியே. நீர் கலந்த ஜெல் மெடிக்கலில் கிடைக்கும், அதை வாங்குங்கள். வறண்ட உரசலில் தோல் கீறும், கீறல் வைரஸுக்கு வழி. அதே காரணத்தால் உறவுக்குச் சற்று முன் அந்தரங்க முடியைச் சவரம் செய்வதையும் தவிர்க்கலாம்.

வாய்வழி உறவின்போது பெண்ணுக்குப் பயன்படும் தடுப்புத் தாள் நம் கடைகளில் எளிதில் கிடைக்காது. ஆணுறையின் நுனியையும் அடி வளையத்தையும் வெட்டிவிட்டு நெடுக்காகக் கீறி விரித்தால், அதுவே தாளாகிவிடும்.

தினசரி மாத்திரை பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. 2004இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.எஸ்.வி.-2 இருந்த 1,484 தம்பதிகளில், நோயுள்ளவருக்கு எட்டு மாதம் தினமும் வாலாசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து 500 மி.கி. அல்லது மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். வெற்று மாத்திரைப் பக்கம் 27 துணைவர்களுக்குத் தொற்றியது (3.6 சதவீதம்), மருந்துப் பக்கம் 14 பேருக்கு (1.9 சதவீதம்). பாதியாகக் குறைகிறது, பூஜ்யமாவதில்லை. புண்ணாக வெளிப்பட்ட தொற்று மட்டும் பார்த்தால் 16 பேருக்கு எதிராக 4 பேர். எச்.ஐ.வி.யும் சேர்ந்து உள்ளவர்களிடம் அதே வகை மருந்தான அசைக்ளோவிரைத் தினசரி கொடுத்தபோது துணைக்குப் பரவுவது குறையவில்லை. அவர்கள் மாத்திரையை மட்டும் நம்பி ஆணுறையை விட்டுவிடக்கூடாது. அடிக்கடி புண் வருபவருக்கு மருத்துவர் அளவைக் கூட்டுவார். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஊறல் வந்ததும் இரண்டு நாள் போட்டு நிறுத்துவது அந்தப் புண்ணை விரைவில் ஆற்றும், ஆனால் பரவலைத் தடுக்கும் வழி அதுவல்ல. தடுப்பு வேண்டுமானால் ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

மாத்திரைக்கும் ஆணுறைக்கும் முன்னால் வர வேண்டியது துணையிடம் சொல்வது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், துணை முன்கூட்டியே சொல்லியிருந்தவர்களுக்குத் தொற்ற ஆன இடைநிலைக் காலம் 270 நாள். சொல்லாமல் இருந்தவர்களின் துணைகளுக்கு 60 நாள். காரணம் எளிது, தெரிந்தால்தான் "இன்றைக்கு வேண்டாம்" என்ற சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்கும்.

சொல்லத் தயங்குவதன் பின்னால் ஒரு பயம் நிற்கிறது: "எங்கிருந்து வந்தது?" இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் தேதியோடு கிடைக்காது. தொற்றியபின் முதல் புண் 2 முதல் 12 நாளில் வரலாம். ஆனால் பலருக்கு அந்த முதல் தடவை கவனிக்கும்படி இருக்காது, வருடங்கள் கழித்துத்தான் கண்ணில் படும். கல்யாணமாகி எட்டாவது வருடத்தில் முதல் கொப்புளம் வந்ததென்றால், அது யாருடைய துரோகத்துக்கும் சாட்சி அல்ல. உதட்டிலிருந்து வந்த எச்.எஸ்.வி.-1 என்றால், கணவனும் மனைவியும் மட்டுமே இருந்த வீட்டிலேயே அது நடந்திருக்கலாம்.

இந்தச் சண்டையை நம் ஊரில் கிளப்பிவிடுவது பெரும்பாலும் டார்ச் (TORCH) பரிசோதனை, அதாவது கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளை ஒன்றாகத் தேடும் இரத்தப் பரிசோதனை. குழந்தை தங்கவில்லை, கரு கலைந்தது என்று எழுதித் தருவார்கள், முடிவில் "ஹெர்பீஸ் ஐ.ஜி.எம். பாசிட்டிவ்" என்று ஒரு வரி வரும். ஐ.ஜி.எம். என்பது இரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம், அது இரண்டு வகை வைரஸையும் பிரித்துக் காட்டாது. பழைய தொற்று எழும்போதும் பாசிட்டிவ் வரும், தொற்றே இல்லாமலும் வரும். அதை வைத்து யாரையும் விசாரிக்கக்கூடாது, யாருக்கும் வைத்தியமும் தொடங்கக்கூடாது. நம்பத்தக்கது, கொப்புளம் புதிதாக இருக்கும்போது, முடிந்தால் முதல் இரண்டு நாளுக்குள், அதன் மேல்தோலை நீக்கி அடியிலிருந்து மாதிரி எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். புண் இல்லையென்றால், வகை பிரித்துச் சொல்லும் ஐ.ஜி.ஜி. (இன்னொரு எதிர்ப்புப் புரதம்) இரத்தப் பரிசோதனை, அதுவும் சந்தேகப்படும் தொடர்புக்கு 12 வாரம் கழித்து. அதில் குறியீடு 1.1க்கு மேல், 3க்குள் என்றால் பொய்யான பாசிட்டிவாக இருக்க நல்ல வாய்ப்புண்டு, வேறு முறையில் உறுதிசெய்யச் சொல்லுங்கள். இருவருக்கும் ஏற்கெனவே எச்.எஸ்.வி.-2 இருப்பது உறுதியானால், ஒருவருக்கொருவர் மறுபடி தொற்றிக்கொள்வோமோ என்ற கவலை தேவையில்லை.

சோப்பு, துண்டு, கழிப்பறை இருக்கை வழியாகப் பரவும் என்று தனித் தட்டும் தனி வாளியும் வைக்க வேண்டாம். உடலுக்கு வெளியே வைரஸ் அதிக நேரம் தாங்காது. கை மட்டும் கவனம்: புண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உதட்டில் கொப்புளம் இருக்கும்போது கான்டாக்ட் லென்ஸை எச்சிலால் ஈரப்படுத்துபவர்கள் கண்ணைப் பணயம் வைக்கிறார்கள்.

கர்ப்பத்தில் கணக்கு மாறுகிறது. பல வருடமாக நோயுள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் புதிதாகத் தொற்றினால் அது 30 முதல் 50 சதவீதம். ஆகவே கணவனுக்கு இருந்து மனைவிக்கு இல்லையென்றால், ஏழாம் மாதம் முதல் உறவையும் வாய்வழி உறவையும் நிறுத்துவதே சரி. மனைவிக்கு ஏற்கெனவே இருந்தால், 36ஆம் வாரத்திலிருந்து மருத்துவர் மாத்திரை தருவார். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ ஊறலோ இருந்தால் சிசேரியன். மருத்துவச்சியிடமோ மருத்துவரிடமோ இதை மறைப்பவர்கள் இந்த இரண்டையும் இழக்கிறார்கள். குழந்தை பிறந்தபின், உதட்டில் கொப்புளமுள்ள பாட்டியானாலும் அப்பாவானாலும், பொருக்கு உதிரும்வரை பச்சைக் குழந்தையை முத்தமிடக்கூடாது.

பிறப்புறுப்பில் எந்தப் புண் வந்தாலும் எச்.ஐ.வி.க்கும் சிஃபிலிஸுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எச்.எஸ்.வி.-2 உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அரசு மருத்துவமனைப் பால்வினை நோய்ப் பிரிவில் ஹெர்பீஸ் புண்ணுக்கென்று சிவப்பு நிற மருந்துப் பொட்டலம் உண்டு: அசைக்ளோவிர் 400 மி.கி., நாளைக்கு மூன்று, ஏழு நாளைக்கு 21 மாத்திரை. பணம் கேட்க மாட்டார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை, அதற்கென்றே உள்ள அரசு நம்பிக்கை மையத்தில் இலவசம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்கு அழைக்கலாம், அதற்கும் கட்டணமில்லை.